இனம், மரபணு, உடல்நலம்: வகுப்பறையில் எழும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி முதலாண்டிலும் உயிரியல் நடத்துபவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. மரபியல் பாடத்தின் நடுவே மாணவர்கள் கேட்பவையும், பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்களே தயங்கித் தயங்கிக் கேட்பவையும் இங்கே கலந்திருக்கின்றன. சிலவற்றுக்கு நான்கு வரி போதும். சிலவற்றை நிதானமாகத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் ‘இனம்’ என்று ஓர் அலகே இல்லையே. இதைத் தனியாகப் பேச வேண்டுமா?

அலகு இல்லை என்பது உண்மை. ஆனால் பாடம் நடக்கிறது. ‘அரிவாள் செல் இரத்தசோகை ஆப்பிரிக்கர்களிடம் காணப்படுகிறது’, ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கட்டும் மரபுநோய்) வெள்ளையர்களுக்கு வருவது’ என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறோம். தேர்வுக்கு அது வராது. மாணவர் மனத்தில் தங்குவதோ அதுதான்: மனிதர்கள் சில வகைகளாகப் பிரிந்திருக்கிறார்கள், ஒவ்வொரு வகைக்கும் தனி உடம்பு, தனி நோய்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளர் பிரையன் டோனவன் இதைப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார். நோயையும் இனத்தையும் சேர்த்துச் சொல்லும் பாடப்பகுதியைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், இன வேறுபாடுகளுக்கு மரபணுவே காரணம் என்ற நம்பிக்கை கூடியது. இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகச் சொல்லாத பாடம்தான் அது. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும், மனித மரபணு வேறுபாடு உண்மையில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை எண்களோடு கற்பித்துப் பார்த்தார்கள். அந்த நம்பிக்கை குறைந்தது. 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்த முடிவுகள் வெளியாயின.

ஆகவே பேசாமல் விடுவது நடுநிலை ஆகாது. இந்தப் பக்கம் முழுவதும் நான் வற்புறுத்துவது இதைத்தான்: மரபியலை அரைகுறையாகச் சொன்னால் இனவாதத்துக்குத் தீனி போடுகிறோம், முழுமையாகச் சொன்னால் அதைக் கரைக்கிறோம்.

அரிவாள் செல் இரத்தசோகை கறுப்பினத்தவரின் நோய் இல்லையா?

இல்லை. இந்த ஒரு நோயை ஒழுங்காக நடத்தினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், வளைந்து நீண்ட இரத்தச் சிவப்பணுக்களை முதன்முதலாக விவரித்து எழுதினார். அவருடைய நோயாளி, கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த இளைஞர். அடுத்து வந்த நோயாளிகளும் கறுப்பினத்தவராக இருந்ததால், இது ‘கறுப்பு இரத்தத்தின்’ அடையாளம் என்றே அமெரிக்க மருத்துவம் எடுத்துக்கொண்டது. வெள்ளைத் தோல் கொண்ட ஒருவருக்கு நோய் இருந்தால், அவருடைய முன்னோரில் கறுப்பினத்தவர் ஒளிந்திருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள்.

1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இது ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள கோளாறு என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம், பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இவ்வளவும் நம் பாடங்களில் இருக்கிறது. பாடங்களில் போதிய இடம் பெறாதது 1954-இல் ஆந்தனி ஆலிசன் சொன்னது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் பார்த்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் இந்த மரபணு மிகுதியாக இருந்தது. கென்யாவின் உயர்ந்த மலைப்பகுதிகளில் அரிதாக இருந்தது. மலையிலும் கரையிலும் வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்கர்கள்தான். வேறுபட்டது கொசு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவின் ஒரு பிரதியைப் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. ஆகவே மலேரியா கொன்ற இடங்களில் அந்த மரபணு நிலைத்தது.

இப்போது உலகப் படத்தை விரியுங்கள். கிரேக்கத்தின் ஆர்கோமெனோஸ் பகுதி, துருக்கியின் தென்பகுதி, சவூதி அரேபியாவின் கிழக்கு, விதர்பா, சத்தீஸ்கர், ஒடிசா என்று பல இடங்களில் இந்த மரபணு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் அது அரிது. அவர்கள் கறுப்பினத்தவர்; ஆனால் அவர்கள் வாழும் பகுதியில் மலேரியா பெரிதாக இருந்ததில்லை. ‘கறுப்பினத்தவரின் நோய்’ என்ற வாக்கியம் இரண்டு பக்கமும் உடைகிறது.

நமக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகப் பதிவானது நீலகிரியில்தான். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டார்கள். கண்டதும் அவர்கள் செய்தது என்ன? தென்னிந்தியச் சமூகங்களை இனப் பிரிவுகளாக வகுக்க அதை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள். மலேரியாவின் தடயத்தை இனத்தின் முத்திரையாகப் படித்த காலம் அது. கூடலூர், பந்தலூர் பக்கம் பணிபுரியும் ஆசிரியர்கள் இந்த வரலாற்றைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வரலாறு அது.

இனம் என்பது உயிரியல் உண்மையா, இல்லையா? மாணவர்கள் ஒரே வரியில் பதில் கேட்கிறார்கள்.

ஒரே வரி வேண்டுமென்றால்: மனிதர்களிடையே மரபணு வேறுபாடு உண்டு; அது ‘இனங்கள்’ என்ற பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை.

எண்களைக் காட்டுங்கள். 1972-இல் ரிச்சர்ட் லெவோன்டின், இரத்த வகைகளும் புரதங்களுமாக 17 மரபணுக்களை எடுத்து, மனிதகுலத்தின் மொத்த வேறுபாட்டைப் பங்கு பிரித்தார். 85.4 சதவீதம் ஒரே மக்கள்தொகைக்குள்ளேயே இருந்தது. ஒரே இனம் எனப்பட்டதற்குள் அடங்கும் வெவ்வேறு மக்கள்தொகைகளுக்கு இடையே 8.3 சதவீதம். இனங்களுக்கு இடையே மிஞ்சியது 6.3 சதவீதம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 52 மக்கள்தொகைகளில் 377 டி.என்.ஏ. இடங்களைப் பார்த்த ரோசன்பெர்க் குழுவினருக்குக் கிடைத்த விடையும் இதே திசையில்தான்: 93 முதல் 95 சதவீதம் ஒரே மக்கள்தொகைக்குள், கண்ட அளவிலான பெரும் குழுக்களுக்கு இடையே 3 முதல் 5 சதவீதம். ஒரே தெருவில் வாழும் இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டில்தான் மனிதகுலத்தின் பெரும்பங்கு வேறுபாடு இருக்கிறது என்பதை வகுப்பு ஒருமுறை உள்வாங்கிவிட்டால், பிறகு வரும் எல்லாக் கேள்விகளும் எளிதாகிவிடும்.

கெட்டிக்கார மாணவி ஒருத்தி உடனே கேட்பாள்: ‘எச்சிலைக் கொடுத்தால் எந்தக் கண்டத்து வம்சம் என்று சொல்லிவிடுகிறார்களே?’ சொல்கிறார்கள்தான். சிறு சிறு வேறுபாடுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், ஒருவரின் முன்னோர் வாழ்ந்த நிலப்பகுதியை ஓரளவு கணிக்கலாம். மக்கள் பெரும்பாலும் அருகில் உள்ளவர்களையே மணந்ததால் வந்த தடயம் அது. ஊர் ஊராக மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும்; எல்லைக்கோடு எங்கும் இருக்காது. அந்தத் தடயத்திலிருந்து ஒருவரின் அறிவையோ குணத்தையோ படிக்க முடியாது. இந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். மழுப்பினால், ஆசிரியர் எதையோ மறைக்கிறார் என்று அந்த மாணவி நினைப்பாள்.

தோல் நிறம் கண்ணெதிரே தெரிகிறதே?

தெரிகிறது, அதனால்தான் ஏமாற்றுகிறது. புற ஊதாக் கதிர் மிகுந்த நிலங்களில் கருநிறம் பாதுகாப்பு. எனவே மேற்கு ஆப்பிரிக்கா, தென்னிந்தியா, மெலனீசியா எனத் தொலைவிலுள்ள மக்களிடம் ஒத்த நிறம் இருக்கிறது. ஆனால் திருநெல்வேலிப் பெண்ணையும் நைஜீரியப் பெண்ணையும் நார்வேப் பெண்ணையும் மரபணுத் தொகுதி முழுமையிலும் ஒப்பிட்டால், திருநெல்வேலிப் பெண் நார்வேப் பெண்ணுக்கே அருகில் இருப்பார். ஆப்பிரிக்காவுக்குள்ளேயோ, உலகின் மற்ற எந்தக் கண்டத்திலும் இல்லாத அளவு மரபணு வேறுபாடு. ‘கறுப்பு’ என்ற ஒரே பெயரில் அத்தனையையும் கட்டுவது உயிரியலுக்கு ஒவ்வாது.

நம் வகுப்பறைகளில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது சாதாரணமாக நடக்கிறது. சில இடங்களில் ஆசிரியர்களே வைக்கிறார்கள். இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் அதை ஒருநாளும் செய்யக் கூடாது. செய்பவர்களைத் தடுக்கவும் வேண்டும்.

அப்படியானால் குழுக்களுக்கு இடையே மரபணு வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாமா?

கூடாது. அது பொய். மேற்கு ஆப்பிரிக்க வம்சத்தினரிடம் பரவலாக உள்ள ஏபிஓஎல்1 மரபணு வடிவங்கள் சில, உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து காக்கின்றன. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் சிறுநீரக நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. இதுவும் ‘கறுப்பின’ மரபணு இல்லை. எத்தியோப்பியாவில் அது அரிது. எந்த முன்னோர், எந்த நிலத்தில், எந்த ஒட்டுண்ணியோடு வாழ்ந்தார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும். தோல் நிறத்தைக் கேட்டால் கிடைக்காது.

பிசிஎஸ்கே9 மரபணுவின் கதையை நான் விரும்பிச் சொல்வேன். டாலஸ் நகர ஆய்வில், இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம் பேரிடம் இருந்தன. 2006-இல் வெளியான ஆய்வில், அவை உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதமும் இதயத் தமனி நோய் 88 சதவீதமும் குறைவாக இருப்பது தெரிந்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015-இல் அனுமதி பெற்றன. இன்று எல்லா நாட்டினருக்கும் அவை வேலை செய்கின்றன. ஒரு குழுவில் அதிகம் காணப்பட்ட மாற்றம், மனித உடம்பு முழுவதற்கும் பொதுவான ஒரு வழியைக் காட்டிக் கொடுத்தது.

சாதிக்கு மரபணு ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம், பதில் சொல்லுங்கள். நம் வகுப்பறைகளில் இனத்தைவிட இதுதான் சுடும் கேள்வி.

2013-இல் வெளியான மூர்ஜானி குழுவின் ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்று காட்டியது. நாம் யாரும் கலப்பற்றவர்கள் இல்லை. அதன் பிறகே மணவட்டங்கள் இறுகின. சிறிய வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்தால், தொடக்கத்தில் சிலரிடம் தற்செயலாக இருந்த ஒடுங்கு மரபணுக்கள் (இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் விளைவைக் காட்டுபவை) அந்த வட்டத்துக்குள் பெருகும். 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்த ஆய்வில், 81 குழுக்களில் இந்த விளைவு, அதற்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களிடமும் ஐரோப்பிய வம்சத்து அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது.

ஒரு எடுத்துக்காட்டு: தென்னிந்தியாவில் பரவி வாழும் ஒரு வணிகச் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குக் குறைவாக இருக்கிறது. அவர்களுக்கு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகும். மயக்க மருத்துவர்கள் இதை அறிவார்கள். சமூகத்தின் பெயரை நான் எழுதவில்லை. மருத்துவருக்கு அது தேவை, வகுப்புக்குத் தேவையில்லை. எதிர்ப்பக்க எடுத்துக்காட்டையும் கூடவே சொல்லுங்கள்: இதயத் தசையைப் பாதிக்கும் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவின் 25 எழுத்து நீக்கம், இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-இல் தெரியவந்தது. அது சாதி, மொழி, மதம் எதையும் பார்த்துப் பரவவில்லை.

ஆகவே மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடை: சாதி மரபணுவிலிருந்து வரவில்லை, சாதி விதித்த மணக்கட்டுப்பாடு மரபணுவில் தடம் பதித்திருக்கிறது. உயர்வு தாழ்வைச் சொல்லும் எதுவும் அந்தத் தடத்தில் இல்லை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணப்பது இன்றும் தமிழ்நாட்டில் பரவலாக இருப்பதால், ஒடுங்கு பண்பு நோய்களை விளக்க இதே இடம் பொருத்தமானது. பிள்ளைகளில் பலர் அத்தகைய மணங்களில் பிறந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இரத்த அழுத்தம் அதிகம், குழந்தைகளுக்கு எடை குறைவு என்கிறார்கள். இது மரபணுதானே?

இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் 1997-இல், வம்சத்தால் தொடர்புடைய மூன்று இடத்து மக்களை ஒப்பிட்டார்கள். உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மரபணு மட்டுமே காரணமாக இருந்தால் ஆப்பிரிக்காவில் அல்லவா அதிகமாக இருந்திருக்க வேண்டும்?

அதே 1997-இல் டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகளுக்குச் சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 3,333. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 3,089. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் மாணவர்களையே பேச விடுங்கள். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரிடம் ஐரோப்பிய வம்சக் கலப்பு கூடுதல் என்ற தகவலைச் சற்றுத் தாமதமாகக் கொடுங்கள். எடைக் குறைவுக்கு மரபணுதான் காரணம் என்று தொடங்கியவர்கள் தாங்களே திரும்பி வருவார்கள்.

இனம் உயிரியல் வகை இல்லை என்றாலும், இனப் பாகுபாடு உடம்பைத் தொடுகிறது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார் 69.9 பேர். வாழும் பகுதி, வேலை, காப்பீடு, மருத்துவமனையில் கிடைக்கும் கவனிப்பு, வாழ்நாள் முழுவதும் சுமக்கும் அவமதிப்பு என எல்லாம் சேர்ந்து உடம்பில் இறங்குகின்றன. மரபியல் வகுப்பில் சமூகத்தைப் பேசலாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். புறத்தோற்றத்தை மரபணுவும் சூழலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, சூழலைப் பேசாமல் விடுவது பாதிப் பாடம்.

மருத்துவர்களே இனத்தைக் கணக்கில் எடுக்கிறார்களே?

எடுத்தார்கள், இப்போது பல இடங்களில் விலக்கி வருகிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை தசைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. அவர்களுக்குத் தசை அதிகம் என்பது அனுமானம். அதனால் அவர்களின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாகத் தெரிந்தது. மதிப்பு 20-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான், அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். பலருக்கு அந்தக் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்கியது. 2021-இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதைக் கணக்காகவே கொடுங்கள்: உண்மை மதிப்பு 18 என்றால், பெருக்கினால் எவ்வளவு? கிட்டத்தட்ட 21. ஒருவர் வரிசைக்கு வெளியே நிற்பார்.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் நல்ல பாடம். 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையினத்தவரில் 3.6 சதவீதம் முறை, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் முறை. நிறமி ஒளியை உறிஞ்சுகிறது. கருவியை அதற்கேற்பச் சரிபார்க்கவில்லை. கோளாறு நுரையீரலில் இல்லை, கருவியில்.

உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண்ணில் (பிஎம்ஐ) ஆசியர்களுக்கு எச்சரிக்கை அளவு 23 என்கிறார்களே, அது இன அளவுகோல் இல்லையா?

ஒரு விதத்தில் ஆமாம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004-இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்றது. அதே உடல் நிறை எண்ணில் கொழுப்பும் நீரிழிவு ஆபத்தும் கூடுதலாக இருந்ததே காரணம். சராசரியை வைத்து எடுத்த நடைமுறை முடிவு அது. காரணம் முழுவதும் மரபணு என்று அதற்குப் பொருள் இல்லை. புனே அருகே பிறந்த குழந்தைகளுக்கு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ, ஆனால் தோலடிக் கொழுப்பில் அவ்வளவு வேறுபாடு இல்லை. தசையில் மெலிந்து கொழுப்பைக் காத்துக்கொண்ட அந்த உடல்களுக்குப் பின்னால், தலைமுறைகளாகத் தாய்மார்கள் பட்ட பசிக்கும் பங்கு உண்டு.

வகுப்பில் செய்முறையாக மாணவர்களின் குடும்ப மரபு வரைபடத்தை வரையச் சொல்லலாமா?

வேண்டாம். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம், வெளியே சொல்லாத நோய் இருக்கலாம், சாதி அம்பலமாகலாம். கற்பனைக் குடும்பங்கள் போதும். நாக்கைச் சுருட்டுவது, காது மடல் போன்றவற்றை ஒற்றை மரபணுப் பண்புகளாகக் காட்டுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். அவை அவ்வளவு எளிமையாகக் கடத்தப்படுவதில்லை.

மத்திய அரசின் அரிவாள் செல் பரிசோதனையில் அட்டை கொடுக்கிறார்கள். மாணவர் கொண்டுவந்து காட்டினால் என்ன சொல்வது?

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய திட்டம் அது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது நோக்கம். அட்டையை வகுப்பின் முன் வாங்கிப் பார்க்காதீர்கள். தனியாக அழைத்துப் பேசுங்கள். 1970-களில் அமெரிக்காவில் இதே பரிசோதனையை அவசரமாக நடத்தி, கடத்திக்கும் (ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்) நோயாளிக்கும் (இரண்டு பிரதிகள் கொண்டவர்) வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதால், முழு நலத்தோடு இருந்தவர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள். விமானப் படைக் கழகம் 1981 வரை கடத்திகளைச் சேர்க்கவில்லை.

மாணவர் கடத்தி என்றால் அவர் நோயாளி இல்லை. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் படிக்கலாம், விளையாடலாம். கடும் வெயிலில் ஓடும்போது நிறையத் தண்ணீர் குடிப்பது, விளையாட்டு ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. அவருடைய துணையும் கடத்தியாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தை நலமாகப் பிறந்தாலும் அடுத்த குழந்தைக்கும் அதே 25 சதவீதம்தான். இதைப் பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்வது அதிகம் என்பதால், ஆலோசனைக்கு அவர்களையும் சேர்த்தே மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.